மீயொலியால் மூலிகைச் சாறு எடுத்தல்: நேரத்தைக் கூட்டினால் அளவு ஏன் குறைகிறது?

கேள்வி இது. ஆய்வகத்தில் 40 கிலோஹெர்ட்ஸ் சோனிகேட்டர் தொட்டி ஒன்று, அதாவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலியை நீரில் எழுப்பும் தொட்டி, இருக்கிறது. உலர்ந்த மூலிகை இலைப் பொடியிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் சேர்மங்களை எடுக்க எந்தக் கரைப்பான், எவ்வளவு நேரம், என்ன வெப்பநிலை? 60 நிமிடம் வைத்தால் 20 நிமிடத்தில் கிடைத்ததைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே, ஏன்? ஒரே பொடி நாளுக்கொரு எண் காட்டுவது எதனால்?

முதல் பாதிக்கான பதில் சுருக்கமானது. பெரும்பாலான இலைகளுக்கு 60 சதவீத எத்தனால், ஒரு கிராம் பொடிக்கு 20 மி.லி. கரைப்பான், 40 டிகிரிக்கு மேல் போகாத வெப்பம், 20 நிமிடம் என்று தொடங்கினால் பெரிய தவறு வராது. சிக்கல் எல்லாம் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒன்றை மனதில் வைக்க வேண்டும். எந்தச் சேர்மம் வெளியே வரும் என்பதைக் கரைப்பான் தீர்மானிக்கிறது. அது எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதைத்தான் மீயொலி பெரும்பாலும் மாற்றுகிறது. கரைப்பான் தவறாக இருந்தால் எத்தனை வாட் கருவி வைத்தாலும் பயனில்லை. சேர்மம் வெளியே வந்து முடிந்த பிறகும் கருவியை ஓடவிட்டால், எடுத்ததையே அது அழிக்கத் தொடங்கும்.

மீயொலி திரவத்தின் வழியே போகும்போது அழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குகிறது. அழுத்தம் இறங்கும் கணத்தில் நுண்குமிழிகள் உருவாகிச் சில சுற்றுகளில் பெரிதாகின்றன. பிறகு ஏறும் அழுத்தத்தைத் தாங்காமல் நொறுங்குகின்றன. நொறுங்கும் புள்ளியில் சில மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்துக்கு வெப்பம் 5000 கெல்வின் அளவிலும் அழுத்தம் ஆயிரம் வளிமண்டல அளவிலும் எழுகிறது. பொடித் துகளின் பரப்பை ஒட்டி நொறுங்கும் குமிழி எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்குவதில்லை. ஒரு பக்கம் உள்வாங்கி, துகளை நோக்கி நொடிக்கு நூறு மீட்டர் அளவு வேகத்தில் ஒரு நுண்தாரையைப் பாய்ச்சுகிறது. செல் சுவரில் குழி விழுவதும், துகள் உடைவதும், கரைப்பான் உள்ளே புகுவதும் இதனால்தான். அதிர்வெண் குறைவாக இருந்தால் குமிழி பெரிது, நொறுங்கும் வேகமும் அதிகம். அதனால் சாறெடுக்க 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் போதும். நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் இயந்திர விசை குறைந்து வேதிவினை கூடும். நமக்கு வேண்டியது அதுவல்ல.

அந்த வேதிவினைதான் உங்கள் 60 நிமிடப் புதிருக்கு முதல் சந்தேகக் குற்றவாளி. நொறுங்கும் குமிழிக்குள் நீர் மூலக்கூறு பிளந்து எதிர்ப்படும் மூலக்கூறோடு உடனே வினைபுரியும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் உண்டாகின்றன. நாம் எடுக்கவந்த ஆன்டிஆக்சிடன்ட்களில் பெரும்பாலானவை பீனாலிக் சேர்மங்கள். அந்தத் தனி உறுப்புகளைப் பிடித்துத் தாம் சிதைவதுதான் இவற்றின் இயல்பே. நாம் தேடிவந்த குணமே இவற்றை முதலில் பலியாக்குகிறது. வெறும் நீரில் இந்தச் சிதைவு அதிகம். எத்தனால் கலந்திருந்தால் அதுவே தனி உறுப்புகளில் பெரும்பங்கைத் தின்றுவிடும். வெறும் நீரில் சாறெடுத்துவிட்டு "மீயொலி சேர்மத்தைக் கெடுக்கிறது" என்று முடிவுகட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இரண்டாவது சந்தேகம் வெப்பம். தொட்டியைத் தொடர்ந்து ஓடவிட்டால் அதன் நீர் தானாகவே சூடேறும். 25 டிகிரியில் தொடங்கியது ஒரு மணி நேரத்தில் 50-ஐத் தாண்டலாம். சேர்மம் சிதைவது ஒருபுறம் இருக்க, கரைப்பானின் ஆவியழுத்தம் கூடி ஒவ்வொரு குமிழியும் ஆவியால் நிரம்பி மெத்தையாகிவிடுவதால் நொறுங்கும் வலு குறைகிறது. ஆகவே நேரம் போகப் போக மீயொலியின் வேலை குறைந்து, வெப்பத்தின் வேலை கூடுகிறது.

இந்த இரண்டில் எது என்று ஊகிக்கத் தேவையில்லை, சோதிக்கலாம். பொடி போடாமல், உங்கள் மூலிகையில் இருக்கும் ஒரு சேர்மத்தின் தூய மாதிரியை, உதாரணமாக ருட்டின் அல்லது குளோரோஜெனிக் அமிலத்தை, மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் வீதம் அதே கரைப்பானில் கரைத்து அதே குடுவையில் 60 நிமிடம் வையுங்கள். முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் சிதைவு உறுதி. பிறகு இதையே 30 டிகிரியில் நிறுத்திச் செய்தால் காரணம் வெப்பமா மீயொலியா என்பது பிரிந்துவிடும். குறையவே இல்லை என்றால் பொடிப்பக்கம் பாருங்கள். நீண்ட நேரத்தில் உடைந்த துகளும் வெளிவந்த புரதமும் துவர்ப்புச் சேர்மமான டானினைத் தம்மோடு பிணைத்துக்கொண்டு வடிகட்டியில் தங்கிவிடுவது உண்டு.

பொடி

இலையை நிழலிலோ 40 டிகிரி உலர்த்தியிலோ, கையால் நொறுக்கினால் சத்தத்துடன் உடையும்வரை உலர்த்துங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பச்சை இலையை அப்படியே அரைத்தால் பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி சில நிமிடங்களில் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். சாறு பழுப்பாக வருவதே அடையாளம். பச்சையாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் உறைநிலையில் உலர்த்துவது நல்லது. துளசி போன்ற நறுமண இலைகளில் யூஜினால் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள் எந்தச் சூட்டிலும் கொஞ்சம் போய்விடும். ஆனால் ரோஸ்மரினிக் அமிலம் நிற்கும்.

அரைக்கும்போது மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாமல் 10, 15 நொடி ஓட்டி நிறுத்தி ஓட்டுங்கள். இல்லையென்றால் பொடி கையில் சூடாகத் தெரியும். 0.25 மி.மீ. முதல் 0.5 மி.மீ. வரையுள்ள சல்லடைகளுக்கு நடுவில் தங்குவதை எடுங்கள். பலரும் மாவு போல அரைத்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். மிக நுண்ணிய பொடி கரைப்பானில் கட்டிகட்டும், வடிதாளை அடைக்கும், பச்சையத்தையும் பாலிசாக்கரைடுகளையும் கூடவே இழுத்துவரும். தனியாக ஒரு பங்கை 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை வைத்து ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் இது வரும். நாளுக்கொரு எண் வருவதற்கு, மூடாத டப்பாவில் ஈரம் இழுத்த பொடியும் ஒரு காரணம்.

கரைப்பான்

நீர் செல்லை உப்பவைத்து வழி திறக்கும். கூடவே சர்க்கரை, புரதம், வழவழப்புப் பசை எல்லாம் வரும். 95 சதவீத எத்தனால் செல்லை உப்பவைக்காது, மெழுகையும் பச்சையத்தையும் கொண்டுவரும். பீனாலிக் அமிலங்களும் ஃபிளேவனாய்டு கிளைக்கோசைடுகளும் இரண்டுக்கும் நடுவில் கரைபவை. அதனால்தான் 50 முதல் 70 சதவீதம் பொதுவாக வெல்கிறது. விதிவிலக்குகள் உண்டு. மஞ்சளின் குர்குமின் நீரில் கிட்டத்தட்ட கரையாது, 80 சதவீதத்துக்கு மேல் போக வேண்டும், ஒளியிலிருந்தும் காரத்தன்மையிலிருந்தும் காக்க வேண்டும். கடுக்காய் போன்ற டானின் மிகுந்த காய்களுக்கு 70 சதவீத அசிட்டோன் பகுப்பாய்வில் நன்றாக இழுக்கும். ஊதா, சிவப்பு நிற ஆந்தோசயனின்களுக்கு 0.1 சதவீத அளவில் அமிலம் சேர்க்காவிட்டால் நிறம் நிற்காது.

மெத்தனால் ஆய்வகத்தில் அளப்பதற்கு நல்ல கரைப்பான்தான். சாற்றை யாராவது உட்கொள்ளப் போகிறார்கள் என்றால் அதை மறந்துவிடுங்கள். மருந்தில் எஞ்சும் கரைப்பான்களுக்கான ஐசிஎச் (மருந்து விதிகளைப் பல நாடுகளுக்கும் ஒத்திசைக்கும் அமைப்பு) வழிகாட்டுதல் மெத்தனாலை இரண்டாம் வகுப்பில் 3000 பிபிஎம் வரம்போடு வைத்திருக்கிறது. எத்தனால் மூன்றாம் வகுப்பு, பொது வரம்பு 5000.

60 சதவீத எத்தனால் தயாரிக்க, 96 சதவீத எத்தனால் 62.5 மி.லி. எடுத்து 100 மி.லி. அளவுக் குடுவையில் ஊற்றி, குறிக்குச் சற்றுக் கீழேவரை நீர் சேர்த்து, கலந்து, ஆறவிட்டு, பிறகு குறிவரை நிரப்ப வேண்டும். 37.5 மி.லி. நீரைத் தனியே அளந்து ஊற்றினால் கலவை சுருங்கி 100 மி.லி.க்கு வராது, செறிவும் நீங்கள் எழுதியதைவிடக் கூடுதலாக இருக்கும்.

கருவியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பாதீர்கள்

நாளுக்கொரு எண் வருவதற்கு முக்கியக் காரணம் இங்கே இருக்கிறது. கருவியின் முகப்பில் 500 வாட் என்று இருந்தால் அது சுவரிலிருந்து இழுக்கும் மின்திறன். குடுவைக்குள் போவது வேறு. அதை அளக்க ஒரு வெப்பமானி போதும். 100 மி.லி. நீரை எடுத்து, கருவியை இயக்கி, முதல் நிமிடத்தில் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நிறையை நீரின் வெப்ப ஏற்புத்திறனான 4.18-ஆல் பெருக்கி, ஏறிய டிகிரியால் பெருக்கி, நொடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். ப்ரோப் (திரவத்துக்குள் நேராக முக்கும் மீயொலி முனை) ஒன்று 60 நொடியில் 4 டிகிரி ஏற்றினால் உள்ளே போனது சுமார் 28 வாட், அதாவது மி.லி.க்கு 0.28 வாட். தொட்டியில் வைத்த குடுவை 120 நொடியில் 1 டிகிரி ஏறினால் அது 3.5 வாட்தான், மி.லி.க்கு 0.035. எட்டு மடங்கு வித்தியாசம். தொட்டிக்குச் செய்யும்போது குடுவை நீரும் தொட்டி நீரும் ஒரே வெப்பநிலையில் தொடங்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி வழியே கடத்தப்படும் சூட்டை மீயொலியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

தொட்டியில் ஒலி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மெல்லிய அலுமினியத் தாளைத் தொட்டியின் அளவுக்கு வெட்டிச் செங்குத்தாகப் பிடித்து 30 நொடி இயக்கிப் பாருங்கள். ஓட்டையும் பொத்தலும் விழுந்த இடம் வலுவான இடம், தாள் அப்படியே இருக்கும் இடம் வெறும் வெந்நீர். வலுவான இடத்தைக் குறித்துவைத்து எப்போதும் அங்கேயே குடுவையை வையுங்கள். இரண்டு செ.மீ. நகர்ந்தால்கூட முடிவு மாறும். குடுவையைத் தொட்டியின் அடியில் உட்காரவைக்காமல் கவ்வியில் தொங்கவிட வேண்டும். அடி தட்டையாகவும் மெல்லியதாகவும் உள்ள குடுவை நல்லது. உள்ளே இருக்கும் கரைப்பானின் மட்டமும் வெளியே தொட்டி நீரின் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். புதிதாக ஊற்றிய குழாய்நீரில் கரைந்த காற்று அதிகம், அது ஒலியை உறிஞ்சும். குடுவையை வைக்கும் முன் 10 நிமிடம் தொட்டியை வெறுமனே ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். பொடி அடியில் படியும் என்பதால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை குடுவையைச் சுழற்றிவிடவும். சூடு ஏறினால் தொட்டி நீரில் பனிக்கட்டிப் பொதியைப் போட்டு 30 முதல் 40 டிகிரிக்குள் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. தொட்டியை நேரடியாக எத்தனாலால் நிரப்பாதீர்கள். 60 சதவீத எத்தனாலின் ஆவி அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடியது, தொட்டியின் மின்பகுதி அடியிலேயே இருக்கிறது. எத்தனால் மூடிய குடுவைக்குள், தொட்டியில் நீர். வாயை இறுக அடைக்காமல் தளர்வாக மூடினால் போதும்.

ப்ரோப் கிடைத்தால் வேலை வேகமாக முடியும், ஆனால் மன்னிக்காத கருவி அது. 100 மி.லி.க்கு 13 மி.மீ. முனை பொருந்தும். 10 மி.லி.க்குக் குறைவான அளவுக்கு 3 மி.மீ. முனை. திரவத்துக்குள் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. ஆழம், கண்ணாடியைத் தொடவே கூடாது. 5 நொடி இயக்கம், 5 நொடி ஓய்வு என்று வைத்து, முகவையைப் பனிநீரில் அமர்த்தி, இயக்க நேரம் மட்டும் 6 முதல் 10 நிமிடம் கொடுங்கள். ஆய்வில் எழுதும்போது இயக்க நேரமா மொத்த நேரமா என்று சொல்லாவிட்டால் படிப்பவரால் திருப்பிச் செய்ய முடியாது. முனை மேலே வந்துவிட்டால் காற்றை இழுத்து நுரையைக் கிளப்பும், சத்தம் மாறும், குமிழி நொறுங்குவது நின்றுவிடும். சோப்புபோல் நுரைக்கும் சப்போனின் மிகுந்த மூலிகைகளில் ஆழம் சரியாக இருந்தாலும் நுரை வரும். அங்கே வீச்சைக் குறைத்து, எத்தனால் சதவீதத்தைச் சற்று ஏற்றுவதுதான் வழி. சாற்றில் சாம்பல்நிறத் துகள் தெரிந்தால் அது டைட்டேனியம் முனை அரிந்து விழுந்தது. முனையைப் பார்த்துக் குழி விழுந்திருந்தால் மெருகேற்றவோ மாற்றவோ வேண்டும். காதுக்கு உறையோ ஒலிப்பெட்டியோ கட்டாயம். 20 கிலோஹெர்ட்ஸ் கேட்காவிட்டாலும் அதோடு வரும் கீழ் அதிர்வெண்கள் கேட்கும், காதைக் கெடுக்கும்.

எடுத்தபின்

5 கிராம் பொடியை 100 மி.லி. கரைப்பானில் 10 நிமிடம் ஊறவிட்டு நனைத்த பிறகு இயக்கத் தொடங்குங்கள். உலர்ந்த துகளுக்குள் சிக்கிய காற்று வெளியேறாமல் மீயொலி உள்ளே வேலை செய்யாது. முடிந்ததும் 4000 ஜி விசையில் 10 நிமிடம் மையவிலக்கி, தெளிவை வடித்து, சக்கையை 10 மி.லி. புதுக் கரைப்பானால் இருமுறை கழுவி எல்லாவற்றையும் சேருங்கள். சக்கை குடித்துக்கொண்ட திரவம் போக முதலில் கிடைப்பது 85, 90 மி.லி.தான் இருக்கும். கழுவிய நீரோடு 100 மி.லி. குறிக்கு நிரப்புங்கள், மிஞ்சினால் 120-க்கு நிரப்பி அதையே கணக்கில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் "100 மி.லி. ஊற்றினேன், 100 மி.லி. இருக்கும்" என்று பெருக்கினால் கணக்கு எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதே சக்கையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். முதல்முறை கிடைத்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மறுபடியும் வந்தால், ஒரே சுற்றில் நேரத்தை நீட்டுவதைவிடப் புதுக் கரைப்பானில் குறுகிய இரண்டாம் சுற்று போடுவது லாபம். எத்தனாலைச் சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரியில் முழுதாக எடுத்த பிறகே உறையவைத்து உலர்த்த வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் உறையாமல் வெற்றிடத்தில் பொங்கும். உலர்ந்த சாறு ஈரத்தை வேகமாக இழுக்கும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் காற்றுப்புகாமல் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

சரியான நேரத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய புள்ளியியல் வடிவமைப்பு எதுவும் முதலில் வேண்டாம். 2, 5, 10, 15, 20, 30, 45 நிமிடங்களில் ஒரு மி.லி. எடுத்து அளந்து வரைந்து பாருங்கள். முதல் சில நிமிடம் செங்குத்தாக ஏறும். அது உடைந்த செல்லிலிருந்து கழுவி வருவது. பிறகு மெதுவான ஏற்றம், உள்ளிருந்து பரவி வருவது. பிறகு தட்டை, அதன்பின் இறக்கம். தட்டையாகத் தொடங்கும் இடம்தான் உங்கள் நேரம். அதன்பிறகு பாக்ஸ்-பெங்கன் போன்ற வடிவமைப்பில் எத்தனால் சதவீதம், வெப்பம், நேரம் மூன்றையும் மூன்று நிலைகளில் வைத்து 15 ஓட்டங்களில் நுணுக்கலாம். முதல் வரைபடம் இல்லாமல் நேராக அதில் குதித்தால் உச்சம் நீங்கள் எடுத்த வரம்பின் ஓரத்தில் போய் நிற்கும். ஓரத்தில் நிற்கும் உச்சம் உச்சமே அல்ல.

ஒப்பீடும் நேர்மையாக இருக்கட்டும். 40 டிகிரியில் 20 நிமிட மீயொலியை, அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் ஊறவைத்ததோடு ஒப்பிட்டால் எது மீயொலியின் பங்கு, எது வெப்பத்தின் பங்கு என்று தெரியாது. அதே கரைப்பான், அதே வெப்பநிலை, அதே நேரம், மீயொலிக்குப் பதில் காந்தக் கலக்கி. இந்தக் கட்டுப்பாட்டு ஓட்டம் இல்லாமல் எந்தச் சதவீத உயர்வையும் எழுதக்கூடாது.

அளப்பது

மொத்த பீனாலுக்கு ஃபோலின்-சியோகால்டியு முறை. 20 மைக்ரோலிட்டர் சாறு, 1.58 மி.லி. நீர், 100 மைக்ரோலிட்டர் வினைப்பொருள், கலந்து சில நிமிடம் விட்டு, 8 நிமிடம் தாண்டுவதற்குள் 300 மைக்ரோலிட்டர் 20 சதவீத சோடியம் கார்பனேட். 20 டிகிரியில் 2 மணி நேரம் கழித்து 765 நானோமீட்டரில் படிப்பு. கேலிக் அமிலம் நியமம், அதாவது ஒப்பிட்டு அளக்க உதவும் தூய பொருள். சாற்றின் பங்கை அதிகமாக்கினால் எத்தனாலில் கார்பனேட் வீழ்படிந்து கலங்கல் வரும், அந்தக் கலங்கலையும் கருவி நிறமாகப் படிக்கும். இந்த வினைப்பொருள் பீனாலை மட்டும் பார்ப்பதில்லை. வைட்டமின் சியும் சர்க்கரையும் அதை நீலமாக்கும். நெல்லி போன்றவற்றில் வரும் எண்ணை அப்படியே பீனால் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

கணக்கு இப்படி வரும். 5 கிராம் பொடி, 100 மி.லி.க்கு நிரப்பியது, பத்து மடங்கு நீர்த்த மாதிரி நியமக் கோட்டில் மி.லி.க்கு 62 மைக்ரோகிராம் காட்டியது. மூலச்சாறு மி.லி.க்கு 620 மைக்ரோகிராம், மொத்தம் 62 மி.கி., ஒரு கிராம் பொடிக்கு 12.4 மி.கி. பொடியில் 8 சதவீத ஈரம் என்றால் உலர் எடை 4.6 கிராம், ஆக கிராமுக்கு 13.5 மி.கி. இதை "உலர்ந்த மூலிகை கிராமுக்கு" என்று எழுதுங்கள். "உலர்ந்த சாறு கிராமுக்கு" என்பது வேறு எண், பல மடங்கு பெரிது. இரண்டையும் குழப்பி ஒப்பிட்டவை ஏராளம்.

டிபிபிஎச் என்பது ஆன்டிஆக்சிடன்ட் பட்டால் நிறம் இழக்கும் ஊதாப் பொருள். அந்தச் சோதனைக்கு அதில் 3.94 மி.கி.யை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். அன்றன்றே தயாரிக்க வேண்டும். 30 நிமிடம் இருட்டில் வைத்து 517 நானோமீட்டரில் படியுங்கள். பச்சையம் கலந்த சாறு தானாகவும் கொஞ்சம் ஒளியை உட்கவரும். டிபிபிஎச் சேர்க்காத சாற்றை வெற்று மாதிரியாக வைத்துக் கழிக்காவிட்டால் செயல்திறன் குறைவாகத் தெரியும். பாதியளவு நிறம் நீக்கும் செறிவு சிறியதாக இருந்தால் சாறு வலுவானது. ஆனால் அந்த எண் டிபிபிஎச் செறிவைப் பொறுத்து மாறும். வேறு செறிவில் செய்தவரின் எண்ணோடு உங்களுடையதை நேரடியாக வைத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு நாளும் ட்ரோலாக்ஸ் அல்லது அஸ்கார்பிக் அமிலம் போன்ற தூய ஆன்டிஆக்சிடன்ட் ஒன்றைக் கூடவே ஓட்டி அதன் எண் நேற்றைப் போலவே வருகிறதா என்று பாருங்கள். அது மாறியிருந்தால் பிழை அளவீட்டில். அது நிலையாக இருந்து சாற்றின் எண் மட்டும் மாறினால் குடுவையின் இடம், தொட்டியின் வெப்பம், பொடியின் ஈரம் என்ற வரிசையில் தேடுங்கள்.